கொட்டிப் பார்த்தவள் வேண்டும்

ராணிக்கு முட்டையிடவே நேரம் சரியாக இருந்ததால், கூட்டை நடத்தியது வடிவு என்ற தேனீ. நேற்று கரடி வந்தபோது, "போங்கடி, போய்க் கொட்டுங்க" என்று அறுபது பேரை அனுப்பியவளும் அவள்தான். கரடி ஓடிவிட்டது. ஆனாலும் அதன் வாடை காற்றில் வந்துகொண்டே இருந்தது. கூட்டில் ஒரு சிறகும் ஓயவில்லை.

"நீ ஒரு தடவையாவது கொட்டியிருக்கியா?" என்று வாசல் காவலுக்கு நின்ற சிட்டாள் என்ற தேனீ கேட்டாள். "உள்ளே உட்கார்ந்துக்கிட்டு அடுத்தவளை அனுப்புறது சுலபம்."

வடிவு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"இனிமே கொட்டிப் பார்த்தவள்தான் தலைவி" என்றாள் சிட்டாள். கூடு முழுக்க ரீங்கரித்து ஆமோதித்தது. "அப்படிப்பட்டவங்க முன்னால வாங்க."

யாரும் வரவில்லை. கரடியைக் கொட்டுகிற தேனீ, கொடுக்கோடு குடலையும் அதன் தோலிலேயே விட்டுவிடும். அறுபது பேரும் மரத்தடியில் கிடந்தார்கள். எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன.

காற்று திரும்பியது. கரடி வாடை கூடியது.

"யாராவது வாங்களேன்" என்றாள் சிட்டாள்.

"நான் கொட்டியிருக்கேன்." வாசலில் பெரிய குளவி ஒன்று நின்றிருந்தது. "எத்தனையோ தடவை. இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

தேனீக்கள் அவசரமாக ஒதுங்கி வழிவிட்டன. சிட்டாளும் விட்டாள். குளவி அவளை உரசிக்கொண்டு உள்ளே போனபோதுதான், அதன் வாயோரம் ஒட்டியிருந்த தேனீச் சிறகை அவள் பார்த்தாள்.