அக்னஸ் சிஸ்டர் கீழே போட்டது

'டங்'கென்று சத்தம் கேட்டதுமே கலைமதிக்குத் தெரிந்துவிட்டது, விழுந்தது தன்னுடைய குமிழ்தான் என்று.

"கை தவறிடுச்சு டாக்டர்" என்றார் அக்னஸ் சிஸ்டர், தரையைப் பார்த்தபடி.

கை தவறியதாம்! இருபத்தாறு வருஷமாக இந்த விழுப்புரம் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பஞ்சைக்கூடக் கீழே விடாத கை, சரியாக இன்றைக்குப் பார்த்துத் தவறியதாம். முகமூடியும் தொப்பியுமாகச் சுவரோரம் நின்றிருந்த கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு வருஷ உழைப்பு அது. ஆபரேஷன் நடுவில் ஸ்கேன் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டாக்டர் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. தொட்டால் கையின் சுத்தம் போச்சு. அதனால் அவர் கத்துவார், அக்னஸ் சிஸ்டர் மூலையில் மவுஸை உருட்டுவார்.

"மேல... இன்னும் மேல... ஐயோ, தாண்டிட்டீங்க, கீழ வாங்க!"

ஒன்பது வருஷமாக இதே பாட்டு.

கலைமதி செய்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்டீல் குமிழ். உள்ளே காந்தம் மட்டும்தான். ஒயர் கிடையாது, பட்டன் கிடையாது. கத்தி, கத்தரியைப் போலவே ஆட்டோகிளேவில் ஆவியில் வேகவைத்து எடுக்கலாம். மேஜை மேல் வைத்து டாக்டர் தன் கையாலேயே திருகினால், விரிப்புக்கு அடியில் இருக்கும் பெட்டி அதை உணர்ந்து படத்தை நகர்த்தும். யாரும் மவுஸ் பிடிக்க வேண்டாம்.

அதுதானே சிஸ்டருக்கு வயிற்றெரிச்சல்!

டாக்டர் வேங்கடேசனைச் சம்மதிக்க வைப்பதற்குள் கலைமதிக்குச் செருப்பு தேய்ந்துபோனது. "ஒரே ஒரு சான்ஸ். சுத்த விஷயத்துல உங்க பக்கம் சின்னத் தப்பு நடந்தாலும், அப்புறம் இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று சொல்லித்தான் இன்றைய தேதியைக் கொடுத்திருந்தார்.

இப்போது நோயாளி மயக்கத்தில். குமிழை மறுபடி வேகவைக்க ஒரு மணி நேரம் ஆகும். யார் காத்திருப்பார்கள்?

"ஒரு பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியலையா சிஸ்டர்? ரிட்டயர் ஆகுற வயசு வந்துடுச்சா?" டாக்டர் எரிந்து விழுந்தார். "சாயங்காலம் விளக்கம் எழுதி என் டேபிள்ல வைங்க. இப்ப போய் மவுஸைப் பிடிங்க."

சிஸ்டர் குமிழைத் துணியோடு சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு மவுஸ் பக்கம் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த டாக்டர், "உங்க மேல தப்பு இல்லம்மா. அடுத்த புதன்கிழமை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேதி கிடைத்தும் கலைமதிக்கு ஆறவில்லை. பெருமுக்கல் கிராமத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை உரித்து வளர்ந்தவள். அநியாயத்தை முழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ரகம் இல்லை.

குமிழைக் கடைந்து கொடுத்த திண்டிவனம் லேத் பட்டறைக்காரர் ஆனந்தராஜ் வராந்தாவில் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் இவளுக்கு மேல் குதித்தார்.

"நேத்து நீ வேகவெச்சு, துணி சுத்தி, டேப் ஒட்டிக் குடுத்தத, காலையில கொழந்தை மாதிரி மடியில வெச்சிக்கினு வந்தேம்மா! அந்தம்மா அசால்ட்டா கீழ போட்டுடுச்சா? விடாத. வா, நானும் வர்றேன்."

இருவரும் தியேட்டர் வாசலில் சிஸ்டரை மடக்கினார்கள்.

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க சிஸ்டர். வேணும்னுதானே போட்டீங்க?"

"ஆமா."

சண்டைக்குக் கச்சை கட்டிக்கொண்டு வந்த கலைமதி இன்னும் ஓரடி முன்னால் போனாள்.

"பாத்தியா திமிர!" என்றார் ஆனந்தராஜ்.

"மவுஸு கைய விட்டுப் போயிடும்னு பயம் உங்களுக்கு!" கலைமதியின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "நான் விட மாட்டேன். புதன்கிழமை வருவேன். அதையும் கீழ போட்டீங்கன்னா அதுக்கடுத்த புதனும் வருவேன். எத்தினி தடவ போடுறீங்கன்னு நானும் பாக்குறேன்!"

"கட்டாயம் வா" என்றார் சிஸ்டர். "ஒம்போது வருஷமா அந்த மவுஸப் புடிச்சிக்கினு பேச்சு வாங்குறவ நான். அது ஒழிஞ்சா முதல் மெழுகுவத்தி ஏத்தப் போறதும் நான்தான்."

சொல்லிக்கொண்டே, கையில் வைத்திருந்த துணிச் சுருளைக் கலைமதியின் உள்ளங்கையில் வைத்துப் பிரித்தார்.

ஸ்டீல் குமிழின் நெற்றியில் மூன்று விரல் விபூதிப் பட்டை. நடுவில் பளிச்சென்று குங்குமம். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சாமந்தி இதழ்.

கலைமதி மெதுவாகத் திரும்பினாள். ஆனந்தராஜ் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே..."

"வர்ற வழியில மயிலத்துல... முருகன் கால்ல ஒரே ஒரு நிமிஷம் வெச்சு எடுத்தேம்மா. புது மெஷினாச்சே, சும்மா எப்படி ஆரம்பிக்கறது? பிரிச்சதே தெரியாத மாதிரிதான் டேப்ப ஒட்டினேன்."

"சாமி கும்பிட வேணான்னு சொல்லலங்க" என்றார் சிஸ்டர். "வேகவெக்கறதுக்கு முன்னாடி கும்பிடுங்க."

கலைமதி சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டர்கிட்ட அப்பவே காட்டியிருக்கலாமே சிஸ்டர்? அவ்ளோ திட்டு வாங்கினீங்களே?"

"காட்டியிருந்தா தப்பு உன் பேர்ல, புதன்கிழமையும் கிடையாது, அதனாலதான் கீழ போட்டு, தப்ப என் பேர்ல மாத்தினேன். தள்ளிக்கம்மா, போய் விளக்கம் எழுதணும்."