கடைசிச் சவ்வு

"அது மட்டும் வேண்டாம் டாக்டர்" என்று ஃப்ரீசர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள் லேப் டெக்னீஷியன்.

டாக்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர் இந்தக் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நீண்ட விடுப்பு முடிந்து இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியவள், வந்ததும் வராததுமாகச் சட்டம் பேசுகிறாளே! லேபில் மற்றவர்களும் வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல் நின்றார்கள்.

"எதுக்கும்மா பத்திரப்படுத்துறீங்க? அழகு பாக்கவா?"

ஆசிட் தெறித்துப் பார்வையை இழந்த பெயிண்டர் ஒருவரின் கண்ணோரத்தில் கடுகளவு நல்ல திசு மிச்சமிருந்தது. அதன் செல்களை வெளியே வளர்த்து, திரும்பக் கண்ணில் வைக்க வேண்டும். பாதியை வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டுப் பார்த்தார் டாக்டர். ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் உருண்டு, மிதந்து, செத்தே போயின.

கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை விரித்துக் கொடுத்தால் செல்கள் அதில் காலூன்றிக்கொள்ளும். தாய்மார்கள் தானமாகத் தந்ததில் இந்த ஒரு துண்டுதான் பாக்கி. மீதிச் செல்கள் நாளைவரை தாங்காது.

"அந்த மனுஷன் தன் கைக்குழந்தை முகத்தையே இன்னும் பாக்கல. பெத்தவங்களுக்குத்தாம்மா அந்த வேதனை தெரியும். உங்களுக்கு எங்க தெரியப்போகுது!"

அவள் கதவை விட்டு விலகினாள். ஃப்ரீசரைத் திறந்து உறையை எடுத்தாள். சவ்வைத் தன் கையாலேயே தட்டில் விரித்தாள், ஒரு சுருக்கம் விழவிடவில்லை.

நாலாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்த டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை. செல்கள் சவ்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தட்டு முழுக்கப் பரவியிருந்தன.

"பொழைச்சிடுச்சும்மா! அவர் குழந்தையப் பாத்துடுவார்!"

அவளும் வந்து குனிந்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. டாக்டருக்கு மனசு உறுத்தியது.

"அன்னிக்குக் கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இந்தச் சவ்வைக் கொடுத்த தாய் யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய்க் கும்பிடுவேன். அவங்க பிள்ளை நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"அவன் பொறந்த அன்னிக்கே போயிட்டான் டாக்டர்... அவனோடதுன்னு எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."