செசிலி அக்கா பிடித்த சுவர்

எங்கள் கடற்கரைத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் மணல் நிரப்பிய பைதான். மோட்டார் காற்றை உறிஞ்சினால் மணல் இறுகிக் கல்லாகும். காற்றை விட்டால் குழைந்துவிடும். வேண்டிய பக்கம் தள்ளிக்கொள்ளலாம்.

புயலன்று மத்தியானம் கரண்ட் போய் மோட்டார் நின்றது. எங்கள் பையில் எங்கோ கசிவு. கூரையின் பாரத்தில் சுவர் மெல்லப் பிதுங்கத் தொடங்கியது. அதையொட்டிக் கட்டிலில் கால் முறிந்த அப்பா. கட்டில் வாசலில் நுழையவில்லை. அவரைத் தூக்க அம்மா, அக்கா, நான் மூவராலும் முடியவில்லை.

"நீங்க வெளிய ஓடிருங்கட்டி," என்றார் அப்பா.

"சும்ம கெடங்கப்பா," என்ற செசிலி அக்கா, மோட்டாரிலிருந்து சுவர்ப்பையின் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்தாள்.

எங்கள் படகின் டீசலைக் குழாய் வைத்து வாயால் இழுத்து இறக்குவது அவள்தான். அதனால் தெருவில் அவளுக்கு 'டீசல்வாயி' என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இழுத்தாள். கட்டைவிரலால் குழாயை அடைத்து மூச்சு விட்டாள். மறுபடி இழுத்தாள். சுவர் நின்றது. புயல் ஓயும்வரை அவள் உட்காரவே இல்லை.

கரண்ட் வந்ததும் தெருவே தன் சுவர்களைக் குழைத்து நிமிர்த்தியது. எங்கள் சுவர் மட்டும் தொந்தி தள்ளியபடி இருக்கிறது.

"ஏன்வே, இத நிமித்தாம வச்சிருக்கீரு?" என்று தடவப் போனார் எதிர்வீட்டு அந்தோணி மாமா.

"எம் மவ புடிச்ச பிடி அது," என்றார் அப்பா. "கையக் கழுவிட்டு வந்து தொடும்வே."