ஒரு வாரப் புத்தகம்

ஒரு வார வெளியூர் வேலை முடிந்து வந்த மகன் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதுமே அம்மாவின் சினம் பொங்கிற்று.

"வாடா! உன் பெண்டாட்டி பண்ற அநியாயத்தைக் கேளு. ஒரு வாரமா புத்தகமும் கையுமா இருக்கா."

"நேரத்துக்குச் சாப்பாடு போடலையா?"

"போட்டா."

"மாத்திரை?"

"கொடுத்தா. அதுவா இப்பப் பேச்சு? நேத்து நான் அசந்து தூங்கின நேரமாப் பார்த்து, அடுப்படியில ஒளிஞ்சு உக்காந்து படிச்சிருக்கா! இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை?"

மகனுக்கும் கோபம் மூண்டது. "படிக்கிறது ஒரு குத்தமாம்மா? அவளுக்குன்னு கொஞ்ச நேரம் வேணாமா?"

அதற்குள் மருமகள் தலைகுனிந்து வந்து நின்றாள். "தப்புதான் அத்தை. மனசு கேக்கல."

"நீ எதுக்கு ஒத்துக்கற?" என்றான் அவன்.

"நீ சும்மா இருடா!" என்ற அம்மா, தன் இரு கண்களையும் மூடியிருந்த சிகிச்சைக் கட்டைத் தொட்டுக்காட்டினாள். "கண்ணைக் கட்டியிருக்கேனேன்னு, நீ ஊருக்குப் போனதுலேருந்து தினம் ஒரு அத்தியாயம் இவதான் எனக்கு வாசிக்கிறா. சேர்ந்தேதான் படிக்கணும்னு பேச்சு. இன்னிக்கு, கதையில அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போற கட்டம். இவ குரல்ல ஒரு பதற்றமும் இல்ல! என்னை விட்டுட்டு முன்னாலேயே படிச்சிட்டான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதட்டிக் கேட்டதும் அடுப்படிக் கதையெல்லாம் வெளிய வந்துடுச்சு."

மகன் அடங்கிய குரலில் மனைவியிடம் கேட்டான்: "அப்புறம் அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா?"

"வாயைத் திறந்தே, தெரியும் சேதி!" என்று மருமகளை அதட்டிய அம்மா, பறித்து மடியில் வைத்திருந்த புத்தகத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.