சிறந்த தொழிலாளி பரிசு

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனி எல்லோர் மணிக்கட்டிலும் ஊக்கப்பட்டை மாட்டியிருந்தது. யாரை எது உழைக்க வைக்கிறது என்று அது காட்டிவிடும். மரகதத்துக்கு அவள் மகளைக் காட்டியது.

"சார், நாளைக்கு ஊர்ல இருக்கற பாப்பாவுக்குப் பொறந்தநாளுங்க. ஒரு நாள் லீவு வேணுமுங்க."

ஊக்க அதிகாரி தரணீஷ் உருகிப்போனார். "பாப்பாவைப் பாக்கற ஏக்கத்துலதான் நீங்க இவ்ளோ வேகமாத் தைக்கறீங்க. ஆசை நிறைவேறிட்டா ஊக்கம் போயிருமுங்களே! உளவியல் அப்படித்தான் சொல்லுது."

மறுநாள் மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டே தைத்தாள். வழக்கத்தைவிட நாற்பது பனியன் அதிகம்.

நல்ல உழைப்பைக் கம்பெனி சும்மா விடுமா? அந்த மாதத்துச் சிறந்த தொழிலாளி பரிசாக, அவள் மகளைத் தன் செலவிலேயே டார்ஜிலிங் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டது.