குதிகாலில் ஒரு சொட்டு

குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்க இரண்டாயிரம் என்றான் லேப்காரன். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெங்காய மண்டிக்காரம்மா எண்ணூறில் ஆரம்பித்தாள்.

குடிக்கிற பாலே விஷமாகி மூளையைக் கெடுக்கும் பிறவி நோய் உண்டு. முன்னாலேயே கண்டுபிடித்தால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். அதற்கான சோதனைக்குப் போய்ப் பேரமா? சர்க்கரை பார்க்க வந்திருந்த பெரியவர் அவள் கழுத்துச் சங்கிலியின் கனத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

குழந்தை வீறிட்டது. மண்டிக்காரம்மா பேச்சை நிறுத்தாமல் அதைப் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணிடம் நீட்டினாள். அவள் முந்தானையால் மூடிப் பாலூட்டினாள்.

"பால் குடுக்கவும் ஆள் வெச்சிருக்கா. இவளுக்கு ரெண்டாயிரம் வலிக்குதாம்" என்றார் பெரியவர்.

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர், பத்தாயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வருகிற நோய்க்கு எதற்குக் காசைக் கரியாக்க வேண்டும் என்று கேட்டார். "கரியாகிறது என் காசுதானே டாக்டர்" என்றவள், லேப்காரனிடம் தொள்ளாயிரத்துக்கு ஏறினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். பெஞ்சு முழுக்கப் பெண்கள், மடி முழுக்கப் பிள்ளைகள். இவளை அனுப்பாமல் அவர்களைக் கூப்பிட முடியாது.

"சரி, ஆயிரம். வெளிய சொல்லிடாதீங்கம்மா, அப்புறம் எல்லாரும் இதையே கேப்பாங்க."

மண்டிக்காரம்மா பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் எழுந்து வாங்கடி. ஆயிரத்துக்கு முடிஞ்சுது."

மூட்டை தைப்பவள், வெங்காயம் தரம் பிரிப்பவள், வண்டிக்காரன் மனைவி என்று, மார்க்கெட்டில் அந்த மாதம் பிள்ளை பெற்ற ஒன்பது பேரும் எழுந்தார்கள். மண்டிக்காரம்மா ஒன்பதாயிரத்தை எண்ணி வைத்தாள்.

டாக்டர் வரிசையை ஒருமுறை பார்த்தார். "இதுல உங்க பிள்ளை எதும்மா?"

"இதுல இல்ல. போன வருஷம் இதே சோதனைக்குத்தான் தூக்கிட்டு வந்தேன், தேவையில்லைன்னு திருப்பி அனுப்பினீங்க. மண்ணுக்குள்ள இருக்கான்."

ஊசியோடு வந்த நர்ஸிடம் முதல் பிள்ளையின் காலைப் பிடித்துக் கொடுத்தபடியே சொன்னாள்:

"இங்க ஒம்பதுக்கும் கணக்கு சரியா இருக்கு. அந்த ஒண்ணு உங்க பேர்ல பாக்கி, டாக்டர்."