சூட்டுத் தழும்பு

கம்பளி வாங்க வந்தவர்கள் யாரும் எனக்கு முகத்தைக் காட்டவில்லை. ஒவ்வொருவராக முதுகைத் திருப்பி, துணியை விலக்கி, இடது தோளில் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டினார்கள். தோட்டத்தில் அடிமைகளாக இருந்த காலத்தில் எசமானின் ஆள் அதைப் பார்த்த பிறகுதான் கஞ்சி ஊற்றுவானாம். போரில் தோட்டம் எரிந்த அன்று தப்பி, மாதக்கணக்காக நடந்து எங்கள் அகதி முகாமுக்கு வந்திருந்தார்கள். “இங்க அதெல்லாம் வேண்டாம். பேரு சொன்னாப் போதும்” என்று ஒவ்வொரு தோளையும் நானே மூடிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் வாரம் கம்பளிகள் குறைந்தன. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வரிசையில் நுழைந்துவிடுகிறார்கள் என்று எரிச்சல்பட்டார் முகாம் அதிகாரி. “தழும்பு இருந்தா மட்டும் குடுங்க.”

அன்று வரிசையைப் பார்த்து நானே சொன்னேன்: “தோளைக் காட்டுங்க.”

வரிசையில் வந்த சடைச்சி என்பவள் காட்டினாள், கம்பளியை வாங்கிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. நடந்துவந்த வழியில் பிறந்த குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. ஆளுக்கு ஒரு கம்பளி என்பது கணக்கு.

“பிள்ளைக்கு, தாயி?”

குழந்தையின் தோள் வழவழவென்று இருந்தது. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வா, பாக்கலாம்” என்றேன்.

மறுநாள் காலை வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அழுது ஓய்ந்த குழந்தையை நான் கேட்காமலேயே திருப்பிப் பிடித்தாள். அதன் இடது தோளில் ஒரு வாழையிலைத் துண்டு ஒட்டியிருந்தது. அதை மெல்ல உரிக்கத் தொடங்கினாள்.